காலதர் முதல் வெளியேற்று விசிறி வரை

முன்னுரை

உணவின்றிச் சில வாரங்களும் நீரின்றிச் சில நாள்களும் மனிதன் உயிர் வாழக்கூடும்; காற்றின்றிச் சில நிமிடங்கள்கூட வாழ்தல் அரிது. ஆயினும் வீடு கட்டுவோர் நீருக்குக் குழாயும் மின்சாரத்திற்குக் கம்பியும் செல்லும் வழியை வரைபடத்தில் குறிக்கின்றனரே ஒழிய, காற்று எவ்வழி வந்து எவ்வழிச் செல்லும் என்பதைக் குறிப்பதில்லை. இக்குறையை முதலில் உணர்த்துவது குளியலறையே. வீட்டின் மிகச் சிறிய அறை அது. மிகுந்த ஈரம் பிறக்கும் அறையும் அது. பெரும்பாலும் மூடியே கிடக்கும் அறையும் அதுவே. எக்சாஸ்ட் ஃபேன் என்று மக்கள் வழங்கும் வெளியேற்று விசிறி அவ்வறையில் எவ்வாறு பணிபுரிகின்றது, அது பயன்தர வேண்டுமாயின் எவை துணைநிற்க வேண்டும், காற்றோட்டம் தவறினால் நேர்வது யாது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

சொல் உணர்த்தும் உண்மை

சாளரத்தைக் குறிக்கப் பழந்தமிழில் வழங்கிய அழகிய சொல் காலதர் என்பதாகும். கால் என்பது காற்று. அதர் என்பது வழி. காற்றின் வழி என்பதே அச்சொல்லின் பொருள். புகார் நகரத்து மாளிகைகளில் மானின் கண்ணையொத்த காலதர்கள் விளங்கியதைச் சிலப்பதிகாரம் காட்டுகின்றது. ஆங்கிலத்தின் 'விண்டோ' என்னும் சொல்லும் 'காற்றின் கண்' எனப் பொருள்படும் பழைய நார்சு மொழிச் சொல்லிலிருந்து பிறந்ததே. ஈரானின் யஸ்து நகரத்தில் கூரைமேல் உயர்ந்து நிற்கும் காற்றுக் கோபுரங்களுக்குப் 'பாத்கீர்' என்று பெயர். காற்றைப் பிடிப்பது என்பது அப்பாரசீகச் சொல்லின் பொருள். திசையாலும் மொழியாலும் வேறுபட்ட மக்கள், ஒளிக்கு மட்டுமன்றிக் காற்றுக்கும் வீட்டில் வழி அமைத்தல் வேண்டும் என்பதில் ஒன்றுபட்டிருந்தனர் என்பதை இச்சொற்கள் புலப்படுத்துகின்றன.

இயற்கைக் காற்று எட்டாத இடங்களுக்கு மனிதன் கருவியைத் தேடினான். 1556இல் வெளிவந்த அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூலில், சுரங்கத்தினுள் காற்றைச் செலுத்தும் விசிறிகளின் படங்கள் காணப்படுகின்றன. 1730களில் டெசகுலியர் என்னும் அறிஞர், இலண்டனில் பாராளுமன்ற அவையின் புழுக்கத்தைப் போக்கக் கையால் சுழற்றும் விசிறிச் சக்கரம் ஒன்றை அமைத்தார். அதனைச் சுழற்றிய பணியாளையே அவர் 'வெண்டிலேட்டர்' என்று அழைத்தார். அன்று ஓர் ஆளின் கை செய்த பணியை இன்று ஒரு சிறு மின்னோடி செய்கின்றது.

காற்றும் ஈரமும்

காற்று தன்னுள் நீராவியை ஏற்றுக்கொள்ளும் அளவு வெப்பத்தைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியசில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் அவ்வளவு 17 கிராமாகக் குறையும். 10 டிகிரியில் 9 கிராமே. இரண்டு மீட்டர் நீளமும் ஒன்றரை மீட்டர் அகலமும் இரண்டரை மீட்டர் உயரமும் கொண்ட குளியலறையைக் கருதுவோம். அதன் கொள்ளளவு 7.5 கன மீட்டர். வெந்நீர்க் குளியலால் அவ்வறைக் காற்று 30 டிகிரியில் நிறைவுற்றிருப்பின், அதில் 225 கிராம் நீராவி இருக்கும். அறை 20 டிகிரிக்குக் குளிரும்போது ஏறத்தாழ 100 கிராம் நீர் சுவரிலும் கண்ணாடியிலும் கூரையிலும் படிந்தே தீரும். குளித்தபின் முகக்கண்ணாடி மங்குவது இதனாலேயே ஆகும்.

இந்த ஈரம் உலர்ந்துவிட்டால் தீங்கில்லை. உலர வழியின்றி நாள்தோறும் தங்குமாயின், சுவரின் மேற்பரப்பில் பூஞ்சணம் வேர்கொள்கின்றது. பூஞ்சண விதைத்துகள்கள் காற்றில் எங்கும் உள்ளவை. அவை முளைப்பதற்கு வேண்டுவது ஈரம் ஒன்றே. அவற்றைத் தொடர்ந்து சுவாசிப்போர்க்கு ஒவ்வாமையும் இருமலும் ஏற்படக்கூடும். ஆஸ்துமா உடையோர்க்கு நோய் மிகும். பிளீச்சிங் பவுடரால் கழுவினாலும் வண்ணம் பூசி மறைத்தாலும், ஈரம் நீங்காதவரை பூஞ்சணம் மீண்டும் தோன்றும்.

விசிறி இயங்கும் முறை

வெளியேற்று விசிறியின் உறுப்புகள் மிகச் சில: சிறு மின்னோடி, இறகுகள், அவற்றைச் சூழ்ந்த வட்டக்கூடு, வெளிக்காற்று திரும்பி நுழையாமல் தடுக்கும் மடிப்புத் தகடுகள். இறகின் வகையால் விசிறி இருதிறப்படும்.

முதல்வகை அச்சுவழி விசிறி. இதில் காற்று சுழலும் அச்சின் திசையிலேயே நேராகச் செல்லும். சுவரைத் துளைத்து நேரே வெளியில் தள்ளுவதற்கு இது ஏற்றது. ஆனால் எதிரழுத்தத்தை வெல்லும் வலிமை இதற்குக் குறைவு. இரண்டாம் வகை மையவிலக்கு விசிறி. இதில் காற்று நடுவில் நுழைந்து, இறகுகளால் விளிம்பை நோக்கி வீசப்பட்டு, பக்கவாட்டில் வெளியேறும். நீண்ட குழாய் வழியே காற்றைச் செலுத்த இதுவே தகுதியுடையது. நீண்ட குழாயும் பல வளைவுகளும் உள்ள இடத்தில் அச்சுவழி விசிறியைப் பொருத்தினால் ஓசை மட்டும் கேட்கும், காற்று நகராது. நெளிகுழாய் தொய்ந்து கிடப்பின், அதனுள் நீர் தேங்கி வழியை அடைப்பதும் உண்டு.

எவ்வளவு காற்றை, எவ்வளவு நேரம்?

இங்கிலாந்தின் கட்டட விதிகள், விட்டுவிட்டு இயங்கும் குளியலறை விசிறி நொடிக்கு 15 லிட்டர் காற்றையேனும் வெளியேற்ற வேண்டும் என வழிகாட்டுகின்றன. இது மணிக்கு 54 கன மீட்டராகும். நாம் கருதிய அறையின் காற்று முழுவதும் ஒருமுறை வெளியேற எட்டு நிமிடங்களுக்கு மேல் ஆகும். எனினும் எட்டு நிமிடத்தில் ஈரம் முழுதும் நீங்கிவிடுவதில்லை. புதிதாக வரும் காற்று பழைய காற்றோடு கலந்தே வெளியேறுதலின், ஒருமுறை மாற்றத்தில் ஏறத்தாழ 63 விழுக்காடே நீங்கும். மும்முறை மாறினால் 95 விழுக்காடு நீங்கும். அதற்கு 25 நிமிடங்கள் தேவைப்படும். ஈரச் சுவரிலிருந்து மேலும் ஆவி எழுமாதலால், இக்கணக்கினும் சற்று மிகுதியாகவே நேரம் வேண்டும்.

குளித்து முடித்தவுடன் விசிறியை நிறுத்துவது ஏன் தவறு என்பது இதனால் விளங்கும். திறக்கத்தக்க சாளரம் இல்லாத அறையில், ஆள் வெளியேறிய பின்னும் விசிறி 15 நிமிடங்களேனும் ஓட வேண்டும் என்று அவ்விதிகள் கூறுகின்றன. மின்செலவு மிகுமே என அஞ்ச வேண்டுவதில்லை. 30 வாட் விசிறி நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்திற்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவாகவே மின்சாரம் செலவாகும்.

செல்வழிக்கு ஒரு வருவழி

விசிறி காற்றைப் படைப்பதில்லை, இடம் மாற்றுகின்றது. உள்ளிருக்கும் காற்றை அது வெளியே தள்ளுங்கால் அறையின் அழுத்தம் சிறிது குறைகின்றது. அக்குறையை நிரப்பப் பிறிதோர் இடத்திலிருந்து காற்று வர வேண்டும். கதவு இறுக மூடி, இடைவெளி யாதும் இல்லையாயின் விசிறி வீணே சுழலும். இதனாலன்றோ மேற்குறித்த விதிகள் கதவின் அடியில் 10 மில்லிமீட்டர் இடைவெளியையும் வேண்டுகின்றன! விசிறியை வாங்குவோர் பலர். இந்த விரற்கடைக்கும் குறைந்த இடைவெளியை எண்ணுவோர் சிலரே.

வருவழி எங்கு அமைகின்றது என்பதும் நோக்கத்தக்கது. கதவுக்கு எதிர்ப்புறத்தில், சுவரின் மேற்பகுதியில் விசிறி அமைந்தால், காற்று அறை முழுவதையும் கடந்து செல்லும். நம் இல்லங்களில் கண்ணாடிப் பட்டைகள் கொண்ட வெண்டிலேட்டரின் ஒரு பகுதியில் விசிறியைப் பொருத்தி, அருகிலுள்ள பட்டைகளைத் திறந்தே வைக்கும் வழக்கம் உள்ளது. அப்போது அப்பட்டைகளின் வழியே நுழையும் காற்றையே விசிறி உடனே வெளியேற்றிவிடும். அறையின் ஈரம் இருந்த இடத்திலேயே இருக்கும். விசிறி ஓடும்போது அதனை ஒட்டிய பட்டைகளை மூடிவைத்தலும், கதவடி இடைவெளியைத் திறந்துவைத்தலுமே முறையாகும்.

ஒரு குழந்தையின் உயிர்

காற்றோட்டம் வசதிக்குரிய செய்தி மட்டுமன்று, உயிருக்குரிய செய்தி என்பதை இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் நேர்ந்த துயரம் உலகிற்கு உணர்த்தியது. அங்கு வாடகைக் குடியிருப்பு ஒன்றில் பெற்றோருடன் வாழ்ந்த அவாப் இஷாக் என்னும் குழந்தை, இரண்டு வயது நிறைந்த சில நாள்களில், 2020 டிசம்பரில் உயிர் நீத்தது. பூஞ்சணம் பற்றி அக்குழந்தையின் தந்தை 2017ஆம் ஆண்டிலேயே முறையிட்டிருந்தார். அதன்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறே அவருக்குக் கூறப்பட்டது. வீட்டில் நெடுங்காலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் உண்டான கடும் சுவாசக் கோளாறே இறப்புக்குக் காரணம் என 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு கூறினார். அவ்வீட்டில் போதிய காற்றோட்டம் இன்மையும் விசாரணையில் வெளிப்பட்டது.

ஈரத்திற்குக் குடியிருப்போரின் வாழ்க்கைமுறையே காரணம் என்று கருதும் மனப்பான்மை அந்நாட்டு வீட்டுவசதி அமைப்புகளிடையே வேரூன்றியிருந்தது. அவ்வாறு கருதுதல் தகாது என்று அந்நாட்டின் வீட்டுவசதிக் குறைதீர் ஆணையர் 2021ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எடுத்துரைத்திருந்தார். குளித்தலும் சமைத்தலும் துணி துவைத்தலும் மனித வாழ்வின் இயல்புகள். அவற்றால் எழும் ஈரத்தைப் போக்குதல் கட்டடத்தின் கடமை. குழந்தையின் பெற்றோர் தளராது போராடியதன் பயனாக 2023இல் சட்டம் திருத்தப்பட்டது. 2025 அக்டோபர் 27 முதல் 'அவாப் சட்டம்' இங்கிலாந்தின் சமூக வாடகைக் குடியிருப்புகளில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, பெருந்தீங்கு விளைக்கத்தக்க ஈரமும் பூஞ்சணமும் பற்றிய முறையீட்டை 10 வேலை நாள்களுக்குள் ஆராய்ந்து, அதன்பின் 5 வேலை நாள்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்குதல் வேண்டும். உடனடி ஆபத்தாயின் 24 மணி நேரத்திற்குள் செயற்படுதல் வேண்டும்.

நம் நாட்டில் எண்ணத்தக்கது

குளிர்நாட்டில் ஈரம் கொல்லுமாயின், நம் நாட்டில் மூடிய குளியலறைக்குள் மற்றொரு பகை உண்டு. அது கேஸ் கீசர் எனப்படும் எரிவாயு வெந்நீர்க் கருவியால் வருவது. எரிவாயு முற்றாக எரியப் போதிய ஆக்சிசன் தேவை. சிறிய மூடிய அறையில் ஆக்சிசன் குறையக் குறைய, கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு பிறக்கின்றது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அது குருதியின் ஹீமோகுளோபினோடு ஆக்சிசனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் இணைந்துவிடும். குளிக்கச் சென்றவர் தலைசுற்றி மயங்கிக் கதவைத் திறக்கவும் வலியின்றி மாண்ட செய்திகளை நாளிதழ்களில் பலமுறை காண்கின்றோம்.

வெளியேற்று விசிறி ஒன்றையே இதற்கு முழுக் காப்பாகக் கருதுதல் கூடாது. வருவழி இல்லாத அறையில் வலிய விசிறி, புகைபோக்கி வழியே வெளியேற வேண்டிய நச்சுப்புகையை உள்ளே இழுத்துவிடவும் கூடும். கருவியைக் குளியலறைக்கு வெளியே, திறந்த காற்றுள்ள இடத்தில் அமைத்து, வெந்நீரை மட்டும் குழாய்வழி உள்ளே கொணர்வதே அறிவுடைமை.

இல்லந்தோறும் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்றும் உண்டு. குளியலறைக் கதவை மூடி, விசிறியை ஓடவிட்டு, மெல்லிய தாளொன்றை அதன் வலைமுன் பிடித்துப் பார்க்கலாம். தாள் ஒட்டி நின்றால் காற்று செல்கின்றது. விழுந்துவிட்டால், கதவைச் சிறிது திறந்து மீண்டும் சோதித்தல் வேண்டும். அப்போது ஒட்டுமாயின் குறை வருவழியில் உள்ளது. அப்போதும் ஒட்டாதாயின் இறகில் படிந்த தூசியிலோ, திறவாத தகட்டிலோ, அடைபட்ட குழாயிலோ குறை உள்ளது.

முடிவுரை

வெளியேற்று விசிறி என்பது தனித்து நிற்கும் கருவியன்று. விசிறியும் அதன் குழாயும் கதவடி இடைவெளியும் ஒன்றுகூடியதே காற்றோட்டம் ஆகும். இவற்றுள் ஒன்று குறையினும் மற்றவை பயன்தரா. காற்றின் வழியை வீட்டின் உறுப்பாகவே கருதி அதற்குக் காலதர் என்று பெயரிட்ட மொழி நம் தமிழ். ஆகவே இனி வீடு கட்டுவோரும், கட்டிய வீட்டை வாடகைக்கு விடுவோரும், வரைபடத்தில் நீரின் வழியோடு காற்றின் வழியையும் குறித்தல் வேண்டும். ஈரத்திற்குக் குடியிருப்போரைப் பழிக்குமுன், அவ்வீரம் வெளியேற வழி அமைத்தோமா என்று தம்மைத் தாமே வினவிக்கொள்ளல் வேண்டும்.