பழைய கோப்புகளும் மெய்நிகர் கணிப்பொறியும்

முன்னுரை

1999 பிப்ரவரியில் சென்னையில் நிகழ்ந்த தமிழ்இணையம் 99 மாநாட்டைத் தொடர்ந்து டாம், டாப் குறியீடுகளைத் தமிழக அரசு ஏற்றது. 2010இல் ஒருங்குறி அரசின் தரமாயிற்று. அதற்கு முன் தட்டச்சான ஆய்வேடுகளும் ஆண்டு மலர்களும் பல, பழைய எழுத்துருக்களிலேயே உறைந்து கிடக்கின்றன. அவற்றை மீட்கும் வழியொன்றை இக்கட்டுரையில் காண்போம்.

மெய்நிகர் கணிப்பொறி

ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளால் அமைக்கப்படும் மற்றொரு கணிப்பொறியே மெய்நிகர் கணிப்பொறி எனப்படும். 1960களில் ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளில் தோன்றிய கருத்து இது. நம் பகுதியின் லைன் வீடுகளை இதற்கு உவமையாகக் கூறலாம். வீட்டுக்கு வீடு தனிக்கதவு உண்டு. தண்ணீர்த் தொட்டியோ பொதுவானது. அதுபோல் உள்ளிருக்கும் கணிப்பொறி தனித்து இயங்கினும் நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

தேவையறிதல்

வெறும் உரைக்கோப்பாயின் எழுத்துரு மாற்றியே போதும். பேஜ்மேக்கரில் பக்கம் அமைத்த மலருக்குப் பழைய மென்பொருள் வேண்டும். 2001இல் வெளிவந்த அதன் 7.0 பதிப்பே இறுதிப் பெரும்பதிப்பு. விண்டோஸ் எக்ஸ்பியில் அது இயங்கும். எனவே எக்ஸ்பிக்கு இடந்தரும் மென்பொருளையே நாம் தேடுதல் வேண்டும்.

தெரிவு

மைக்ரோசாப்டின் ஹைப்பர்-வி, விண்டோஸ் ஹோம் பதிப்பில் இல்லை. வி.எம்.வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரில் அனைவருக்கும் கட்டணமற்றதாயிற்று. ஆயினும் அதன் மூலநிரல் மூடியதே. இன்று ஆரக்கிள் வசமுள்ள விர்ச்சுவல்பாக்ஸின் மூலநிரல் 2007 முதல் திறந்துள்ளது. 2008இலும் 2010இலும் நிறுவனம் கைமாறியபோதும் அது நிலைபெற்றது. ஆகவே தமிழ்த்துறைக்கு இதனையே முதற்கண் பரிந்துரைக்கலாம். இதன் கூடுதல் தொகுப்புக்கு உரிமம் வேறு என்பதை மட்டும் நினைவிற்கொள்க.

கவனிக்கத்தக்கவை

எக்ஸ்பிக்கு 512 எம்.பி. நினைவகமும் 10 ஜி.பி. வட்டிடமும் போதும். 2014 ஏப்ரல் 8 முதல் அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டமையால், உள்ளிருக்கும் கணிப்பொறிக்கு இணையத் தொடர்பு தரலாகாது. மெய்நிகர் மென்பொருள் இலவசமாயினும், எக்ஸ்பிக்கும் பேஜ்மேக்கருக்கும் உரிய உரிமம் தேவை.

முடிவுரை

கோப்பு திறந்ததும் பணி முடிவதில்லை. உரையை ஒருங்குறிக்கு மாற்றி, மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை நீக்கி, ஈரிடங்களில் சேமித்தல் வேண்டும். எந்தக் கோப்பு எந்த எழுத்துருவில் அமைந்தது என்பதை அறிந்த ஆசிரியரும் தட்டச்சரும் நம்மிடையே இருக்கும்போதே மாணவர்கள் இப்பணியைத் தொடங்குவது நலம்.