பழைய போர்லாரியின் பிரேக்

இரண்டாம் உலகப்போர் 1945-ஆம் ஆண்டு முடிவெய்தியபின், படைக்கு வேண்டாது எஞ்சிய மோட்டார் லாரிகள் பல நம் நாட்டில் விற்கப்பட்டுச் சுமை வண்டிகளாயின. கனடா நாட்டில் போர்டு, செவர்லே கம்பெனியார் ஒரே படிவத்திற் செய்தனவும் அவற்றுள் அடங்கும். அத்தகைய லாரியைப் பேணுவோர் இன்று சிலரே. அவர்கள் முதற்கண் ஆராயவேண்டுவது பிரேக்கை. எஞ்சின் பழுதுற்றால் லாரி நின்றுவிடும். பிரேக் பழுதுற்றாலோ நில்லாது. பாலமோரினின்று கீரிப்பாறைக்கு இறங்கும் மலைவழியைக் கண்டார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்பு வட்டிலே டிரம் எனப்படுவது. அதனுள் பிறைவடிவான இரு ஷூக்கள் உள. கால்மிதியை அழுத்துங்கால், மாஸ்டர் சிலிண்டரிலுள்ள பிரேக் ஆயில் குழாய்வழிச் சென்று ஷூக்களை விரிக்க, அவற்றின்மேற் பதித்த லைனிங் டிரத்தின் உட்புறத்தை உராயும். இரு ஷூக்களும் ஒத்த வேலை செய்வனவென்று எண்ணற்க. சுழலும் டிரம் முன் ஷூவைத் தன்பால் இழுத்து மேலும் அழுத்துகின்றது. பின் ஷூவைத் தள்ளித் தளர்த்துகின்றது. இவ்வாறு உராய்வே உராய்வைப் பெருக்குதலின், சக்கரங்களிடையே உள்ள சிறு வேற்றுமையும் பெரிதாகி வண்டியை ஒருபக்கம் இழுக்கும். ஆகவே லைனிங்கை ஓர் அச்சின் இரு சக்கரங்களுக்கும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும்.

வேலை தொடங்குமுன் ஏனைச் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை கொடுக்க. (இச்சொல்லை இன்று மேடைப்பேச்சில் தடையென்னும் பொருளிலேயே கேட்கிறோம்; பட்டறையில் அது மரக்கட்டையாகவே இருக்கிறது.) லாரியை ஜாக்கியில் மாத்திரம் நிறுத்தாது உறுதியான தாங்கிமேல் அமர்த்துக. இவ்வண்டிகள் பலவற்றின் சக்கரம் இருகூறாய் நட்டுகளாற் பிணைக்கப்பட்டது. டயரிற் காற்றிருக்க அப்பிணைப்பு நட்டுகளைக் கழற்றினால் உயிருக்கே இறுதியாகும். சக்கரத்தை அச்சில் மாட்டும் நட்டுகள் வேறு, கைவைக்குமுன் தெரிந்துகொள்க.

டிரத்தைக் கழற்றியதும் உள்ளே கரும்பொடி காணப்படும். அதனை வாயாலும் காற்றுக்குழாயாலும் ஊதுவது பட்டறைகளிற் பழகிய வழக்கம். அது தீது. பழைய லைனிங்குகள் ஆஸ்பெஸ்டாஸ் கலந்தவை. அந்நுண்ணிழை நுரையீரலிற் புகின் பல்லாண்டு கழித்தும் புற்றுநோய் விளைக்கும். ஈரத்துணியாலேயே துடைத்தெடுக்க.

லைனிங் ரிவிட்டின் தலையளவு தேய்ந்திருந்தால் மாற்றவேண்டும். தாமதித்தால் ரிவிட் டிரத்தைக் கீறும். எண்ணெய் ஊறிய லைனிங்கைக் கழுவியும் சுட்டும் பயன்படுத்துவார் உளர். சூடேறியதும் ஊறிய எண்ணெய் மீண்டும் மேலெழும். எனவே கசிவை அடைத்தபின் புதியது பொருத்துக. கீறலுற்ற டிரத்தை லேத்திற் கடையலாம், வெடிப்புற்றதைக் கழித்துவிடுக. அளவிறந்து கடைந்த டிரம் மெலிந்து விரைவிற் சூடேறும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகுதலின், நீண்ட இறக்கத்தில் கால்மிதி மேன்மேலும் தாழும்.

பிரேக் ஆயில் என வழங்கினும் அஃது எஞ்சின் எண்ணெய் போன்றதன்று. சிலிண்டரினுள் இருக்கும் கிண்ணங்கள் ரப்பராலானவை. ரப்பர் தோட்டங்களிடையே வாழும் நம்மவர்க்குப் பெட்ரோலிய எண்ணெய் பட்ட ரப்பர் ஊதிக் கெடுமென்பது புதிதன்று. உரிய திரவத்தையே ஊற்றுக. அதுவும் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். சூட்டில் அந்நீர் ஆவியாக, கால்மிதி வெறுமையாய் இறங்கும். பழையதை முற்றும் வடித்து, தொலைவிலுள்ள சக்கரத்தினின்று தொடங்கிக் குழாயிற் புகுந்த காற்றை வெளியேற்றுக.

பின்னர்ச் சமநிலத்தில் மெல்ல ஓட்டிப் பலமுறை நிறுத்தி, ஒவ்வொரு டிரத்தின் அருகிலும் தொடாது கைகாட்டிப் பார்க்க. ஒன்று குளிர்ந்திருப்பின் அங்கே பிரேக் பிடிக்கவில்லை. ஒன்று மிகக் கொதித்திருப்பின் அங்கே ஷூ விடாது உராய்கின்றது.