இடுப்புப் பிடிப்பும் கைவைத்தியமும்

முதுகெலும்பின் மூட்டுகளைக் கையால் அழுத்தியும் அசைத்தும் வலியைத் தணிக்கும் முறை கைரோபிராக்டிக். 1895-இல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டேனியல் டேவிட் பாமர் இதைத் தொடங்கினார். முள்ளெலும்பு இடம் பிசகி நரம்பை அழுத்துவதால்தான் பெரும்பாலான நோய்கள் வருகின்றன என்றார் அவர். அந்தக் கொள்கை ஆய்வில் நிற்கவில்லை. இடுப்புவலிக்கு ஓரளவு பலன் உண்டு என்பது மட்டும் நின்றது.

விழுப்புரம் மாவட்டத்துச் சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்ட அரங்கநாதரைச் சேவிக்கப் படியேறுவோரும், செஞ்சி ராஜகிரிக் கோட்டையிலிருந்து இறங்குவோரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்காருவதுண்டு. ஆனால் இந்த வலி அதிகம் தெரிந்தவர்கள், நாற்று நடவும் மல்லாட்டை பிடுங்கவும் நாள் முழுக்கக் குனிந்து நிற்கும் பெண்களே. எண்ணெய் தடவிச் சுளுக்கு வழிப்பது, உலக்கை உருட்டுவது, கால் முன்னே வரப் பிறந்தவரை மிதிக்கச் சொல்வது என்று கிராமத்துக்கென்றே வழிகள் இருக்கின்றன. கையால் செய்யும் இத்தகைய சிகிச்சையைச் சித்த மருத்துவம் தொக்கணம் என்று வகுத்திருக்கிறது: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். கைரோபிராக்டிக்கின் மென்மையான முறைகள் இவற்றில் அழுத்தலுக்கும் அசைத்தலுக்கும் பக்கத்தில் வருகின்றன.

மூட்டைத் திருப்பும்போது எழும் ‘சடக்’ ஒலி, விலகிய எலும்பு இடத்தில் உட்காரும் ஒலி என்று பலரும் நம்புகிறார்கள். மூட்டு நீரில் உள்ள வாயுக்குமிழியால் எழும் ஒலி அது. சத்தம் வரவில்லை என்று காசைத் திருப்பிக் கேட்கத் தேவையில்லை. மென்மையான சிகிச்சையில் பெரும்பாலும் சத்தமே இராது. இன்னொன்று: சாதாரணப் பிடிப்பு சில வாரங்களில் தானாகவே விட்டுவிடும். கடைசியாகக் கை வைத்தவருக்குப் புகழ் போய்ச் சேர்கிறது. அதுவரை படுத்தே கிடப்பதைவிட, வலி பொறுக்கும் அளவுக்கு நடமாடுவது நல்லது. சிகிச்சைக்குப் பின் ஓரிரு நாள் லேசான வலி இருக்கலாம். மரமரப்பு கூடினால் நிறுத்திவிட வேண்டும்.

கழுத்து வேறு விஷயம். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் கழுத்து எலும்புகளின் துளைகள் வழியே ஏறுகின்றன. வெடுக்கென்று திருப்பும்போது, அரிதாகவேனும், அவை கிழிந்து பக்கவாதம் வந்திருக்கிறது. முடிவெட்டி முடித்ததும் கழுத்தில் சொடக்கு எடுக்க வரும் கைகளை அன்போடு தடுத்துவிடலாம்.

காலில் பலம் குறைதல், சிறுநீர் அடைத்துக்கொள்ளுதல் அல்லது அடக்க முடியாமை, காய்ச்சலோடு முதுகுவலி, விழுந்தபின் வந்த வலி, புற்றுநோய் அல்லது காசநோய் இருந்த உடம்பு, எலும்பு மெலிந்த முதுமை: இவற்றில் யாரும் முதுகைத் தொடக்கூடாது. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகிலுள்ள வேறு மருத்துவமனைக்கோ நேராகப் போக வேண்டும்.

இந்தியாவில் கைரோபிராக்டிக்குக்கெனத் தனிச் சட்டப் பதிவு மன்றம் இல்லை. எனவே கை வைப்பவர் பிசியோதெரபி பட்டமோ பி.எஸ்.எம்.எஸ். என்னும் சித்த மருத்துவப் பட்டமோ பெற்றவரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.