ஒரு நோயாளி, நான்கு கோர்ஸ்

கரையான்சாவடி

அன்புள்ள தம்பிக்கு,

பார்மசி மாணவர்கள் மருத்துவ, நர்சிங், பிசியோதெரபி, உணவியல் மாணவர்களோடு சேர்ந்து ஒரே நோயாளியை வைத்துக் கற்பதே கூட்டுப்பயிற்சி. எல்லாரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து விரிவுரை நடத்துவது இதில் சேராது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியும், ஒரு துறையினர் இன்னொரு துறையினரிடமிருந்து கற்றுக்கொள்வதைத்தான் வலியுறுத்துகிறது.

ஊட்டியிலும் மைசூரிலும் ஜே.எஸ்.எஸ். கல்லூரிகள் 1990களில் தொடங்கிய எம்.பார்ம். பார்மசி பிராக்டிஸ் படிப்பு, வார்டையே வகுப்பறையாக்கியது. 2008இல் இந்திய பார்மசி கவுன்சில் ஃபார்ம்.டி. படிப்பைக் கொண்டுவந்தது. ஆறாம் ஆண்டு முழுக்க இன்டர்ன்ஷிப்: ஆறு மாதம் பொது மருத்துவம், பிறகு மூன்று துறைகளில் இரண்டிரண்டு மாதம். விதி மாணவனை வார்டு வாசல்வரை கொண்டுவந்து விடுகிறது, அவ்வளவுதான். கேஸ் ஷீட்டைப் பார்த்து நோட்டில் எழுதி, ரவுண்ட்ஸில் கடைசியில் நின்று, வாயே திறக்காமல் அந்த ஆண்டை முடித்துவிடவும் முடியும்.

பயிற்சிக்கு எடுக்கும் கேஸ் தனி ஆளால் தீர்க்க முடியாததாக இருக்க வேண்டும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் அதற்குத் தோதான மருந்து. பக்கவாதத்துக்குப் பின் வலிப்பு வந்த நோயாளி. உணவும் மருந்தும் மூக்கிலிருந்து வயிற்றுக்குச் செல்லும் ரைல்ஸ் டியூப் வழியாகப் போகின்றன. மருந்து தவறாமல் கொடுத்தும் வலிப்பு திரும்புகிறது. டோஸைக் கூட்டலாம் என்பான் மருத்துவ மாணவன். டியூப் உணவோடு சேர்ந்தால் இந்த மருந்து சரியாக உறிஞ்சப்படாது என்பது பார்மசி மாணவனுக்குத் தெரியும். ஆனால் எது எத்தனை மணிக்குப் போனது என்பது நர்சிங் மாணவியின் சார்ட்டில்தான் இருக்கிறது. மருந்துக்கு முன்னும் பின்னும் ஒன்றிரண்டு மணி நேரம் உணவை நிறுத்தினால் குறையும் கலோரியை எப்போது ஈடுகட்டுவது என்று கணக்குப் போடுவது உணவியல் மாணவி. இதெல்லாம் பாராமல் டோஸை மட்டும் கூட்டிவிட்டால், டியூபை எடுத்து நோயாளி வாயால் சாப்பிடத் தொடங்கும்போது அதே டோஸ் மிகையாகிவிடும். ஒரு கட்டத்துக்கு மேல் டோஸில் சிறு கூடுதலும் ரத்தத்தில் மருந்தின் அளவை மளமளவென்று ஏற்றிவிடும். நடை தள்ளாடும், பேச்சு குழறும். ஒரு மதியத்துக்கு இந்த ஒரு கேஸ் போதும், பவர்பாயிண்ட் வேண்டியதில்லை.

அடுத்தது பேசும் பழக்கம். டாக்டரிடம் போகுமுன் நர்ஸிடம் கேட்டு விவரத்தை உறுதிசெய்ய வேண்டும். பிறகு என்ன மருந்து, என்ன சிக்கல், என்ன மாற்று என்று ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிட வேண்டும்: “சார், ஃபெனிட்டாயின் ஃபீடோட சேர்ந்து போகுது. நேரத்தை மாத்தி, லெவல் பார்த்துட்டு டோஸை முடிவு பண்ணலாமா?” நோயாளியின் காதுபட ‘தப்பு’ என்று சொல்லும் மாணவனிடம் அந்த யூனிட்டில் மறுபடி யாரும் யோசனை கேட்க மாட்டார்கள். அவன் சொன்னது சரியாகவே இருந்தாலும்தான்.

பூந்தமல்லி வட்டாரத்தில் வசதிக்குக் குறைவில்லை. போரூர் ராமச்சந்திரா வளாகத்தில் மருத்துவம், நர்சிங், பார்மசி, பிசியோதெரபி எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கின்றன. வேலப்பன்சாவடி, தண்டலம் பக்கமும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. பொதுவாக எங்கும் இடிப்பது டைம்டேபிள்தான். ஆகவே நான்கு துறைகளையும் ஒரே நாளில் திரட்டப் பார்க்கும் புது ஆசிரியர் முதல் மாதமே களைத்துப்போவார். நர்சிங் துறையோடு மட்டும், மாதம் ஒரு மதியம் என்று தொடங்குவது நல்லது. மருந்தை நோயாளியின் கையில் கொடுப்பவர்கள் அவர்கள்தானே. இன்டர்னல் மார்க்கில் ஒரு பங்கை நர்சிங் ஆசிரியர் போடட்டும். மார்க் இல்லாத பயிற்சியை மாணவர்கள் மதிப்பதில்லை.

மெடிக்கல் ஷாப்புக்குப் போகிற டி.பார்ம்., பி.பார்ம். மாணவர்களுக்கும் இந்தப் பேசும் பழக்கம் வேண்டும். இரண்டு டாக்டர்களின் சீட்டில் இரண்டு பிராண்டு பெயரில் ஒரே மெட்ஃபார்மின் இருக்கும். கண்டுபிடித்தவன் கிளினிக்குக்குப் போன் செய்து, டாக்டர் பேஷண்ட் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அரை நிமிடத்தில் விஷயத்தைச் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு மாணவன் டாக்டராகவும் இன்னொருவன் கடைக்காரனாகவும் இருந்து, கடையில் நிற்கிற கூட்டத்தின் சத்தத்தோடே இதைப் பழக வேண்டும்.

அன்புடன்,
அண்ணன்