பாலூட்டும் தாயின் ஆகாரமும் உடல் எடையும்

பிள்ளைப்பேற்றுக்குப் பின் உடல் பருத்துவிட்டதே என்று கவலையுறும் சகோதரிகள் நம் அங்கத்தினர் குடும்பங்களிற் பலர் உளர். அவருள் சிலர் காலை ஆகாரத்தை விடுத்து, இரவில் கஞ்சி மட்டும் அருந்தி, தறிவேலையும் பார்த்துக் குழந்தைக்குப் பாலும் கொடுக்கின்றனர். இதனால் விளைவது யாது என்பதை ஆராய்வோம்.

முதலிற் கணக்கைப் பார்ப்போம். வரவு செலவு நமக்குப் புதிதன்று. தாய்ப்பால் ஒன்றையே உண்ணும் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ முக்கால் லிட்டர் பால் செலவாகிறது. இதன்பொருட்டு முதல் 6 மாதங்களில் வழக்கமான தேவைக்கு மேல் நாள்தோறும் 600 கலோரியும், அடுத்த 6 மாதங்களில் 520 கலோரியும் வேண்டுமென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. நடுத்தர உழைப்புடைய பெண்ணின் வழக்கமான தேவை 2,130 கலோரி. எனவே, தறியிலோ கழனியிலோ உழைத்துப் பாலும் கொடுப்பவளுக்கு ஏறத்தாழ 2,700 கலோரி தேவையாகிறது.

பருமனான தாய் கர்ப்பத்துக்கு முன் உண்ட அளவையே இப்போதும் உண்டால், பாலுக்கான செலவு அவள் உடற்கொழுப்பிலிருந்து எடுக்கப்படும். ஒரு கிலோ கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருப்பதால், வாரத்துக்கு அரைக்கிலோ அளவில் எடை குறையலாம். இதற்கு மேல் ஆகாரத்தைக் குறைக்க யாதொரு தேவையும் இல்லை. அமெரிக்காவில் 2000-இல் வெளியான ஓர் ஆய்வில், பருமனான தாய்மார் 10 வாரங்கள் நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்டு, தேகப்பயிற்சியும் செய்தனர். வாரம் அரைக்கிலோ வீதம் எடை குறைந்தது. குழந்தைகளின் வளர்ச்சி குன்றவில்லை. ஆயினும் இது பருத்தவர்க்கே பொருந்தும். முன்னமே மெலிந்த தாய் இளைக்க முயல்வது தகாது. பருத்தவரும் பிரசவமாகி 6 அல்லது 8 வாரங்கள் கழியும்வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

பட்டினி கிடந்தால் பால் உடனே வற்றிவிடுமோ எனில், பெரும்பாலும் வற்றுவதில்லை. ஆபத்து அங்கேதான் மறைந்திருக்கிறது. பாலுக்குரிய சுண்ணாம்புச்சத்தை உடல் தாயின் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். குழந்தை கொழுகொழுவென்றிருக்கத் தாய் தளர்வாள். வைட்டமின் ஏ, பி1, பி12, அயோடின் ஆகியவற்றின் நிலையோ வேறு. தாயின் ஆகாரத்தில் அவை குறைந்தால் பாலிலும் குறையும். தீட்டிய வெள்ளரிசிச் சோற்றையே பெரிதும் உண்டு, கடும் பத்தியம் காத்த தாய்மாரின் கைக்குழந்தைகள் பர்மா, கம்போடியா, லாவோஸ் முதலிய நாடுகளில் பெரிபெரி நோயால் மாண்டதுண்டு. பி1 சத்துக் குறைவே காரணம்.

நம் புழுங்கல் அரிசியில் இச்சத்துப் பெரும்பகுதி தங்கியிருக்கிறது. அதனைப் பலமுறை கழுவி, கஞ்சியையும் வடித்துக் கொட்டினால் கைக்கெட்டியது வாய்க்கெட்டாமற் போகும். கேழ்வரகு, பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, சிறுமீன் ஆகியவை விலைக்கும் கட்டுப்படியாகும். புலால் உண்ணாதவர் பாலும் தயிரும் தவறாது கொள்ளுதல் நன்று. எடையைக் குறைக்க விரும்புவோர் சர்க்கரை, பலகாரம், எண்ணெயிற் பொரித்தவை ஆகியவற்றைக் குறைக்கட்டும்; பருப்பிலும் கீரையிலும் கைவைக்க வேண்டாம். இளைக்கச் செய்வதாக விற்கப்படும் மருந்துகளைப் பாலூட்டும் காலத்தில் தொடவே கூடாது.

கீரையும் தண்ணீரும் ஆகாவென்று விலக்கும் பாட்டிமாருக்கு ஒரு வார்த்தை. பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் தாங்கள் தாராளமாகக் கொடுக்கலாம். நாமும் அவற்றை விரும்புகிறோம். கீரையை மட்டும் தடுக்க வேண்டாம். தண்ணீரைத் தாகத்துக்கு ஏற்பக் கொடுத்தால் போதும். மிகுதியாகக் குடிப்பதால் பால் பெருகாது. குழந்தை அடிக்கடி சப்பிக் குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். ஆதலின் தார் சுற்றுபவளும் நெய்பவளும் இடையிடையே எழுந்து பால் கொடுக்க வீட்டார் இடங்கொடுத்தல் அவசியம்.

அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்க்கென்று தரும் சத்துமாவைத் தாயே உண்ண வேண்டும். வீட்டிலுள்ள மற்றவர்க்குப் பங்கிட்டால் அதன் பயன் அவளுக்குக் கிட்டாது. இரும்புச்சத்து மாத்திரையைப் பிரசவத்துக்குப் பின்னும் 180 நாட்கள் உட்கொள்ளல் வேண்டும். மாதந்தோறும் குழந்தையை அங்கேயே நிறுத்துப் பாருங்கள். எடை ஏறாவிடினும், நாளொன்றுக்கு 6 தடவைக்குக் குறைவாகச் சிறுநீர் கழித்தாலும், ஆகாரக் குறைப்பை அன்றே நிறுத்திவிட்டு, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் தாயும் சேயும் செல்லுதல் வேண்டும்.