உரையாடற்கருவியிடம் வினவும் முறை

கைப்பேசியில் செயற்கை நுண்ணறிவு உரையாடற்கருவிகளிடம் ஐயம் வினவும் வழக்கம், 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல் எங்கும் பரவியுள்ளது. அதனைப் புதிதாகக் கையாளும் அங்கத்தினர்கள் அறிய வேண்டியவை நான்கு.

1. இயல்பு: இக்கருவி ஏராளமான எழுத்துக்களைக் கொண்டு பயிற்றப்பட்டது. ஒரு சொல்லின்பின் எச்சொல் வருதல் பொருந்தும் எனக் கணித்து விடையை அமைக்கிறது. ஆதலின் மெய்யையும் பொய்யையும் ஒரே துணிவுடன் கூறவல்லது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர், இக்கருவி கற்பித்துக் கூறிய இல்லாத தீர்ப்புக்களை நீதிமன்றத்தில் எடுத்துக்காட்டி, 5,000 டாலர் அபராதத்திற்கு ஆளாயினர்.

2. வினவுதல்: "நெற்பயிர் மஞ்சளாகிறது, என்ன உரம் இடலாம்?" என்பது குறைபட்ட வினா. தழைச்சத்துக் குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் முதலில் மஞ்சளாகும். இரும்புச்சத்துக் குறைந்தால் இளம் இலைகள் வெளிறும். எவ்விலை என்று கூறாவிடில் கருவி ஊகித்தே விடையளிக்கும். பயிரின் வயது, மண், நீர்நிலை, இட்ட உரம் ஆகியவற்றையும் கூறுக. "காரணங்கள் எவை? அவற்றை வயலில் வேறுபடுத்தி அறிவது எப்படி?" என்று கேட்க.

3. சரிபார்த்தல்: கணக்கு விடைகளை நாமே போட்டுப் பார்த்தல் வேண்டும். 40ஆம் நம்பர் பருத்தி நூல் ராத்தலுக்கு 40 சிட்டம்; சிட்டத்திற்கு 840 கஜம்; ஆக 33,600 கஜம். கருவி வேறு தொகை கூறின் தள்ளுக. பூச்சிமருந்தின் அளவிற்கோ கருவியின் சொல்லை ஒருபோதும் ஆதாரமாகக் கொள்ளலாகாது. அளவு மிகுந்தால் பயிர் கருகும். தெளிப்பவர் உயிருக்கும் கேடு நேரலாம். மருந்துப் புட்டியின் சீட்டைப் படிக்க. வேளாண்மை அலுவலரையோ, 1800-180-1551 என்ற எண்ணில் கிசான் அழைப்பு மையத்தையோ கேட்க.

4. மறைபொருள் காத்தல்: நாம் எழுதுவது கருவியை நடத்தும் நிறுவனத்தின் கணிப்பொறிகளில் பதிவாகும். ஆகவே ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி., சங்கத்தின் அங்கத்தினர் பட்டியல், கடன் விவரம் ஆகியவற்றை அதனிடம் தரலாகாது. பிறருடைய விவரத்தை வெளியிட நமக்கு உரிமையில்லை.

பயிற்சி: 60ஆம் நம்பர் நூல் ஒரு ராத்தலில் எத்தனை கஜம் எனக் கருவியிடம் கேட்க. பின்னர்த் தாளில் கணக்கிட்டு, இரண்டும் ஒத்துள்ளனவா எனக் காண்க.