பழைய பொருளை விற்பது ஏன் கடினம்?

மாட்டுச் சந்தையில் மாடு வாங்க வருபவர் முதலில் என்ன செய்கிறார்? விலையைக் கேட்பதற்கு முன்பே மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறார். மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டுமே முன்பற்கள் உண்டு, அவை எட்டு. ஏறக்குறைய 2 வயதுக்கு மேல் நடுவில் உள்ள இரண்டு பால்பற்கள் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கும். பிறகு இரண்டிரண்டாக மாறி, 4 அல்லது 5 வயதுக்குள் எட்டும் நிலைப்பற்களாகிவிடும். எனவே சந்தையில் 'இரண்டு பல்', 'நாலு பல்' என்று சொன்னால் அது மாட்டின் வயதைக் குறிக்கும். விற்பவர் என்ன சொன்னாலும் பல் பொய் சொல்லாது.

இனி இணையச் சந்தைக்கு வருவோம். வீட்டில் ஒரு பழைய மிதிவண்டி சும்மா கிடக்கிறது. நல்ல நிலையில்தான் இருக்கிறது. படம் எடுத்து, விலை குறித்து, செல்பேசி வழியே விளம்பரம் செய்கிறார்கள். அடுத்த அரைமணி நேரத்தில் பத்துப் பேர் "இருக்கிறதா?" என்று கேட்கிறார்கள். "இருக்கிறது" என்று பதில் அனுப்பினால் எட்டுப் பேரிடமிருந்து மறுமொழி இல்லை. ஒன்பதாமவர் பாதி விலைக்குக் கேட்கிறார். பத்தாமவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொல்கிறார், வருவதில்லை. கடைசியில், "இவ்வளவு நல்ல வண்டிக்கு இந்தக் காலத்தில் மதிப்பில்லை" என்று சலித்துக்கொண்டு விளம்பரத்தை எடுத்துவிடுகிறார்கள்.

இதற்கு மனிதர்களின் குணக்கேடுதான் காரணமா? இல்லை. எல்லோரும் நேர்மையாக நடந்துகொண்டாலும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். ஏன் என்பதை எளிய கணக்கு ஒன்றின் மூலம் காண்போம்.

நான்கு மிதிவண்டிகள்

ஓர் ஊரில் நான்கு பழைய மிதிவண்டிகள் விற்பனைக்கு வருகின்றன என்று கொள்வோம். படத்தில் நான்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆனால் ஒன்றின் சக்கரக் கம்பிகள் தளர்ந்துவிட்டன, மற்றொன்றின் சட்டத்தில் விரிசல், ஒன்று சுமார், ஒன்று மிக நல்லது. இது அவற்றின் சொந்தக்காரர்களுக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது.

சொந்தக்காரர்கள் குறைந்தது ரூ. 1000, 2000, 3000, 4000 கிடைத்தால்தான் தத்தம் வண்டியைக் கொடுப்பார்கள். வாங்குபவருக்கு வண்டி தேவைப்படுகிறது. ஆகவே உண்மை நிலை தெரிந்திருந்தால் அவர் ஒவ்வொன்றுக்கும் பத்து விழுக்காடு அதிகமாக, அதாவது ரூ. 1100, 2200, 3300, 4400 வரை கொடுக்க இசைவார். ஆனால் எது எந்த வண்டி என்று அவருக்குத் தெரியாதே! எனவே சராசரியைக் கணக்கிடுகிறார்:

(1100 + 2200 + 3300 + 4400) ÷ 4 = ரூ. 2750

ரூ. 2750க்கு மேல் கொடுக்க அவர் தயாரில்லை. இதைக் கேட்டதும் 3000, 4000 ரூபாய் வண்டிகளின் சொந்தக்காரர்கள் விலகிக்கொள்கிறார்கள். நல்ல வண்டிகள் போய்விட்டன என்பதை வாங்குபவரும் ஊகித்துவிடுகிறார். எஞ்சிய இரண்டின் சராசரி ரூ. 1650. இப்போது 2000 ரூபாய் வண்டியும் விலகுகிறது. மிச்சமிருப்பது மிக மோசமான வண்டி ஒன்றே. அது ரூ. 1100க்கு விற்கிறது.

இங்கே யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றவுமில்லை. ஆயினும் நல்ல பொருள்கள் சந்தையைவிட்டு வெளியேறிவிட்டன. நான்கும் கைமாறியிருந்தால் இரு தரப்பாருக்கும் சேர்ந்து கிடைத்திருக்கும் நன்மை 100 + 200 + 300 + 400 = ரூ. 1000. கிடைத்ததோ ரூ. 100 மட்டுமே. மீதி ரூ. 900ஐ விழுங்கியது எது? ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்த அந்த ஒரே குறைதான். பொருளியலறிஞர்கள் இதனைத் 'தகவல் சமச்சீரின்மை' என்பார்கள்.

அரிசியில் கல்

இந்த உண்மையை முதன்முதலில் தெளிவாக எடுத்துக்காட்டியவர் அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப். 1970இல் வெளியான அவருடைய கட்டுரை பழைய கார்களின் சந்தையைப் பற்றியது. அமெரிக்கப் பேச்சுவழக்கில் கோளாறான காரை 'எலுமிச்சை' என்று சொல்வதுண்டு. ஆகவே அது 'எலுமிச்சைச் சந்தை' பற்றிய கட்டுரை என்றே பெயர்பெற்றது. அதற்கு முன் மூன்று ஆய்விதழ்கள் அக்கட்டுரையை ஏற்க மறுத்துவிட்டன. அதே கருத்துக்காக 2001இல் பொருளியலுக்கான நோபல் நினைவுப் பரிசு அவருக்குக் கிடைத்தது. மைக்கேல் ஸ்பென்ஸ், ஜோசப் ஸ்டிக்லிட்ஸ் ஆகியோர் அதைப் பகிர்ந்துகொண்டனர்.

அக்கர்லாஃப் 1967-68இல் புதுதில்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் இருந்தவர். கடைத்தெருவில் வாங்கிய அரிசியில் கலந்துள்ள கற்களை இந்தியப் பெண்கள் பொறுக்கி எடுப்பதையும் அவருடைய கட்டுரை குறிப்பிடுகிறது. அரிசியின் நிறத்திலும் வடிவிலும் கல்லிருந்தால் தரத்தைக் கண்டுகொள்வது எளிதல்ல. முறத்துடன் உட்காரும் உழைப்பும் அந்தத் தகவல் குறைக்கு நாம் கொடுக்கும் விலையே.

என் பொருள், என் விலை

விற்பவர் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. தம்முடைய பொருளைப் பிறர் மதிப்பதைவிட அதிகமாக மதிப்பது மனித இயல்பு. இதை டேனியல் கானமன், ஜாக் நெட்ச், ரிச்சர்ட் தேலர் ஆகிய மூவர் சோதித்து 1990இல் வெளியிட்டனர்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 44 மாணவர்கள் இருந்த வகுப்பு ஒன்றில் 22 பேருக்கு மட்டும் ஆளுக்கொரு காப்பிக் குவளை தரப்பட்டது. குவளை பெற்றவர்கள் என்ன விலைக்கு விற்பார்கள் என்றும், பெறாதவர்கள் என்ன விலைக்கு வாங்குவார்கள் என்றும் எழுதித் தரச் சொன்னார்கள். யாருக்குக் குவளை கிடைக்கும் என்பதைத் தற்செயலே தீர்மானித்தது. ஆகவே குவளையை மிகவும் விரும்புகிறவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேரிடம் குவளை இராது. அப்படியானால் சுமார் 11 குவளைகளாவது கைமாற வேண்டும் அல்லவா? நடந்தது வேறு. நான்கு சுற்றுகளில் எந்தச் சுற்றிலும் 4 குவளைகளுக்கு மேல் விற்கவில்லை. விற்பவர் கேட்ட விலையின் இடைநிலை அளவு 5.25 டாலர், வாங்குபவர் சொன்னதோ 2.25 முதல் 2.75 டாலர் வரை. சில நிமிடங்களே கையில் இருந்த குவளைக்கே ஏறத்தாழ இருமடங்கு விலை! பல ஆண்டுகள் ஓட்டிய மிதிவண்டியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

இந்த வேறுபாடு எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. வாங்கி விற்பதில் நன்கு பழகியவர்களிடம் இது பெரிதும் குறைந்துவிடுகிறது என்று ஜான் லிஸ்ட் என்ற அறிஞர் 2003இல் காட்டினார். ஆகவே "பாதி விலைக்குக் கேட்கிறானே" என்று கோபிப்பதற்கு முன்னால், இதே நிலையில் உள்ள பொருளைப் பிறர் என்ன விலைக்கு விற்றிருக்கிறார்கள் என்று பார்ப்பதே அறிவுடைமை.

கேட்பதற்குச் செலவில்லை

மாட்டுச் சந்தைக்கு வருபவர் பல மைல் தொலைவு பயணம் செய்து, ஒரு நாள் வேலையை விட்டு வருகிறார். அந்தச் செலவே அவர் உண்மையில் வாங்க வந்தவர் என்பதற்கு அடையாளம். இணையத்தில் "இருக்கிறதா?" என்று கேட்க விரல் நுனி போதும். ஒருவர் ஒரே மாலையில் இருபது பேரிடம் கேட்கலாம். இருபது பேரும் பதில் சொன்னாலும் அவர் வாங்கப்போவது ஒன்றைத்தான். மற்ற பத்தொன்பது பேரும் ஏமாற்றமடைகிறார்கள். செலவில்லாத செய்தியில் தகவலும் குறைவு.

நம் முன்னோர் வணிகத்தில் 'அச்சாரம்' கொடுக்கும் வழக்கத்தை ஏற்படுத்தியதன் பொருள் இப்போது விளங்கும். முன்பணமாக ஒரு சிறு தொகையைக் கொடுத்தவர் திரும்பி வராமல் இருக்கமாட்டார். வாய்ச்சொல்லை நம்ப வைப்பது அதற்குப் பின்னால் உள்ள செலவே. 1973இல் ஸ்பென்ஸ் வெளியிட்ட 'சைகைக் கோட்பாடு' இதைத்தான் விளக்குகிறது: போலி எளிதில் செய்ய முடியாத, செய்தால் நட்டப்படக்கூடிய செயல்தான் நம்பத்தக்க சைகை.

மறைந்ததை வெளிக்காட்டுதல்

மீண்டும் நம் நான்கு மிதிவண்டிகளை எடுத்துக்கொள்வோம். ஊரார் நம்பும் பழுதுபார்ப்பவர் ஒருவர் ரூ. 50 வாங்கிக்கொண்டு வண்டியைச் சோதித்துச் சான்று எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலில் 4000 ரூபாய் வண்டிக்காரர் சான்று வாங்குவார்; அவருக்கு ரூ. 4400 வரை கிடைக்கக்கூடும். இப்போது சான்றில்லாத மூன்று வண்டிகளின் சராசரி ரூ. 2200 ஆகக் குறைகிறது. உடனே 3000 ரூபாய்க்காரரும் சான்று வாங்குவார். பிறகு சராசரி ரூ. 1650. அடுத்து 2000 ரூபாய்க்காரர். கடைசியில் சான்றில்லாமல் இருப்பது மோசமான வண்டி ஒன்றே. அது சான்றில்லாததே அதன் நிலையைக் காட்டிவிடும்! நான்கு வண்டிகளும் விற்றுவிட்டன. சான்றுச் செலவு ரூ. 150 போக நிகர நன்மை ரூ. 850. நல்லவற்றை விரட்டிய அதே சங்கிலி, திசை மாறி, உண்மையை வெளியே கொண்டுவந்துவிட்டது. ஒரு நிபந்தனை: சான்று தருபவர் நம்பத்தக்கவராக இருக்கவேண்டும்.

1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வந்த அக்மார்க் முத்திரையும், தங்க நகையின் ஹால்மார்க் முத்திரையும் இந்த வேலையைத்தான் செய்கின்றன.

இணையச் சந்தையில் முத்திரைக்குப் பதிலாக வந்தது பழைய வாடிக்கையாளர்களின் கருத்து. 1995இல் பியர் ஒமிடியார் அமெரிக்காவில் தொடங்கிய ஏல வலைத்தளமே பின்னர் ஈபே ஆயிற்று. அதில் முதலில் விற்றதாகச் சொல்லப்படுவது உடைந்துபோன ஒரு லேசர் சுட்டுக்கோல், விலை 14.83 டாலர். உடைந்ததென்று தெரிந்தே அதை ஒருவர் வாங்கினார். குறையைச் சொன்னாலும் அதற்கேற்ற வாங்குபவர் உண்டு என்பதற்கு இது சான்று. 1996இல் வாங்குபவரும் விற்பவரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறை அங்கே வந்தது. நற்பெயருக்கு விலை உண்டா? அனுபவமிக்க விற்பனையாளர் ஒருவர் ஒரே வகையான பழைய அஞ்சலட்டைகளைத் தம் பழைய பெயரிலும் புதுப் பெயர்களிலும் விற்றுப் பார்த்தார். பழைய பெயருக்குச் சுமார் 8 விழுக்காடு அதிக விலை கிடைத்தது என்று 2006இல் வெளியான ஆய்வு கூறுகிறது.

இம்முறையிலும் ஓட்டை இருந்தது. குறை சொன்னால் விற்பவர் பதிலுக்குக் குறை சொல்வாரோ என்று அஞ்சி வாங்குபவர்கள் வாய்மூடி இருந்தனர். எனவே 2008இல் வாங்குபவர்மீது விற்பவர் எதிர்மறைக் கருத்து எழுதுவதை ஈபே நிறுத்தியது.

விற்பவர் அறியாதது

இதுவரை வாங்குபவரின் அறியாமையைப் பார்த்தோம். வாங்க வருபவர் யாரென்று விற்பவருக்கும் தெரியாது. இதைப் பயன்படுத்திக்கொள்ளும் மோசடிக்காரர்கள் உண்டு. "பணம் அனுப்புகிறேன், இந்தக் கியூ.ஆர். குறியீட்டைப் படம்பிடித்து உங்கள் ரகசிய எண்ணை அழுத்துங்கள்" என்பார்கள். அழுத்தினால் பணம் வராது, போகும். யு.பி.ஐ. முறையில் பணம் செலுத்துவதற்கு ரகசிய எண் வேண்டும். பணம் பெறுவதற்கு ஒருபோதும் வேண்டாம். இந்த ஒரு விதியை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும்.

பழைய செல்பேசி வாங்குவதானால் *#06# என்று அழுத்தினால் அதன் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண் தெரியும். பற்றுச்சீட்டில் உள்ள எண்ணோடு அதை ஒப்பிடலாம். மேலும், 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியுடையவரல்லர். ஆகவே வாங்குவதையும் விற்பதையும் பெற்றோர் முன்னிலையில் செய்யுங்கள்.

நல்ல பொருளை விற்க விரும்புகிறவருக்கு அறிவியல் கூறும் அறிவுரை சுருக்கமானது. பற்றுச்சீட்டைக் காட்டுங்கள். கீறலை மறைக்காமல் அருகில் வைத்துப் படமெடுங்கள். ஓட்டிப் பார்க்க இடம் கொடுங்கள். விற்கும் காரணத்தைச் சொல்லுங்கள். மோசமான பொருளை வைத்திருப்பவரால் இவற்றைச் செய்ய இயலாது. அதனால்தான் இவற்றுக்கு மதிப்பு.

செய்து பாருங்கள்

வகுப்பில் 20 மாணவர்களில் சீட்டுக் குலுக்கி 10 பேருக்கு ஆளுக்கொரு பென்சில் கொடுங்கள். அது இனி அவர்களுடையது. பெற்றவர்கள் விற்கச் சம்மதிக்கும் குறைந்த விலையையும், பெறாதவர்கள் கொடுக்கச் சம்மதிக்கும் அதிக விலையையும் மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். இரு பட்டியல்களின் இடைநிலை அளவுகளைக் கண்டுபிடித்து ஒப்பிடுங்கள்.

வினாக்கள்

1. மிதிவண்டிக் கணக்கில் வாங்குபவர் பத்து விழுக்காட்டுக்குப் பதில் அறுபது விழுக்காடு அதிகம் கொடுக்க இசைந்தால் எத்தனை வண்டிகள் விற்கும்?

2. சான்றுக் கட்டணம் ரூ. 50க்குப் பதில் ரூ. 250 ஆனால் எந்தெந்த வண்டிக்காரர்கள் சான்று வாங்குவார்கள்?

3. உங்கள் ஊர்ச் சந்தையில் பொருளின் தரத்தை அறிய மக்கள் கையாளும் வழிகள் யாவை? அவற்றுள் போலி செய்ய முடியாதது எது?